குவாரிக்குப் போகாத இரவு

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்காதே என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். அதுவும் உன் காதில் விழுந்திருக்காது. போனில் நான் "சாப்பிட்டியா?" என்றால் நீ "கூட்டம் பரவாயில்ல" என்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் மருமகள் பட்டாசு இந்த வருஷம் பள்ளியை முடிக்கிறாள். ஜூன் தொடக்கத்தில் கடைசிப் பரீட்சை. அது முடிகிற அன்று ராத்திரி இந்த ஊர்ப் பிள்ளைகள் ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கும் பழைய கல்குவாரிக்குப் போய், விடிய விடியக் குடித்துவிட்டு, அதே கையோடு வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். வருஷா வருஷம் இதுதான். போன வருஷம் அன்றைக்கு எனக்குக் கேஷுவாலிட்டியில் டியூட்டி. ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் வந்து விழுந்திருக்கிறார்கள். ஒருவனுக்கு நெற்றியில் தையல். ஒருத்திக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது. மூன்றாவது பையன்... சரி, அதை விடு.

இந்த வருஷம் அந்த ராத்திரியைப் பள்ளி மைதானத்திலேயே கொண்டாட வைப்பது என்று நாங்கள் சில பெற்றோர் கிளம்பியிருக்கிறோம். சொட்டு மது கிடையாது. விடியும்வரை ஆட்டம், பாட்டம், சாப்பாடு. தலைமையாசிரியை சம்மதித்துவிட்டார். பிள்ளைகளை எப்படி வர வைப்பது என்றுதான் தெரியவில்லை. ராட்டினத்தை வைத்து ஊர் ஊராகக் கூட்டத்தைச் சேர்ப்பது உன் பிழைப்பு. ஏதாவது யோசனை சொல்லேன்.

உன் மாமாவுக்கு மின்சார அலுவலகத்தில் பதவி உயர்வு வந்திருக்கிறது. வேறு விசேஷமில்லை. காதில் எண்ணெய் விடாதே, டாக்டரைப் பார்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ராட்டினமும் நலம். மூன்று ஊர் சுற்றி உன் கடிதம் என்னைப் பிடித்தது. பட்டாசு பள்ளியை முடிக்கிறாளா? நேற்றுத்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்த மாதிரி இருக்கிறது.

மூன்றாவது பையனைப் பற்றி நீ எழுதாததையும் படித்தேன்.

யோசனை கேட்டாய். பொருட்காட்சியில் நாங்கள் முதலில் பார்ப்பது வெளிச்சத்தைத்தான். இருட்டு மூலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடுத்தது சாப்பாடு. பசித்தவன் வெளியே போவான், வெளியே போனவன் திரும்ப மாட்டான். மூன்றாவது, தூரத்திலிருந்து பார்த்தாலே "அங்க என்னமோ நடக்குது" என்று கால் தானாக நடக்கிற மாதிரி பெரிதாக ஒன்று வேண்டும்.

சும்மா தகவலுக்காக எழுதுகிறேன்: என் ராட்டினம் அறுபது அடி உயரம். நிறுத்த ஒன்றரை நாள் போதும். குடித்தவனை நான் ஏற்றுவதில்லை, எவ்வளவு பெரிய மனிதனாக இருந்தாலும்.

மாமாவின் பதவி உயர்வுக்கு என் சந்தோஷத்தைச் சொல். சொல்ல முடிந்தால் சொல். அவர் தன் மேலதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலையை ஒரு மாசத்தில் உதறிவிட்டு ராட்டினத்தின் பின்னால் போனவன் நான். பன்னிரண்டு வருஷமாகப் பேசாதவர் ஒரு வாழ்த்தில் உருகிவிடுவாரா என்ன?

உன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ எழுதிய மற்ற தகவலையும் படித்தேன்.

போன வாரம் மாணவர்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னோம். குழுத் தலைவர் மருந்துக்கடைக்காரர். அவர் எழுந்து, "கட்டுப்பாடான, ஒழுக்கமான, பயனுள்ள ஓர் இரவு" என்று ஆரம்பித்ததுமே நான் தலையில் கை வைத்துவிட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "இது கொண்டாட்டமா, இல்ல ராத்திரிக் காவலா? லத்தி யார் கொண்டு வர்றீங்க?" கூடம் முழுக்க ஒரே சிரிப்பு. யார் குரல் என்று கேட்காதே. பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

பெயர் கொடுத்தவர்கள் பதினாலு பேர். வகுப்பில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அந்தப் பதினாலு பேரும் எந்தக் காலத்திலும் குவாரிப் பக்கம் போகாதவர்கள். ஒரு அப்பா வேறு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வயசுப் பசங்க ஒரு பீர் குடிச்சா என்னங்க, உலகமா அழிஞ்சுடும்?" என்றார். உலகம் அழியாது, தம்பி. அந்த மூன்றாவது பையன் கடைசியாக என்னிடம் சொன்னது இதுதான்: "அம்மாகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர்." சொல்ல வேண்டி வந்தது. இருட்டு வராந்தாவில், செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவளிடம் நான்தான் சொன்னேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

உன் வாழ்த்தை மாமாவிடம் சொன்னேன். "ம்" என்றார். அது நல்ல "ம்"மா கெட்ட "ம்"மா என்று இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு நாளாக மழை. கூட்டமில்லை. ஊழியர்கள் சீட்டாடுகிறார்கள். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன்.

தப்பு உங்கள் பக்கம்தான். கொண்டாட்டம் அவர்களுடையது. நீங்கள் ஏன் சமைத்து ஊட்டுகிறீர்கள்? கேலி செய்த அந்தப் பின் வரிசைக் குரலிடமே சாவிக் கொத்தைக் கொடு. ஊரைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவளுக்கு ஊரைக் கூட்டவும் தெரியும்.

ஜூன் மாதம் நாங்கள் எந்தப் பக்கம் இருப்போம் என்று இன்னும் முடிவாகவில்லை. கேட்டாயோ என்று எழுதுகிறேன்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக்கூட நேரமில்லை. அவ்வளவு சேதி இருக்கிறது.

நீ சொன்னபடி பட்டாசை உட்கார வைத்து, "நீயே நடத்து. எப்படி நடத்தினா நீ வருவே, அதைச் சொல்லு" என்றேன். முதலில் முறைத்தாள். அப்புறம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துத் தோழிகள், தோழர்கள் என்று ஆறேழு பேரோடு நேராகக் குழுக் கூட்டத்துக்கே வந்து நின்றாள். வந்தவள் வாயைத் திறந்ததும் மருந்துக்கடைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"பெரியவங்க யாரும் மைக்கைத் தொடக் கூடாது. அறிவுரை கிடையாது. குடி குடியைக் கெடுக்கும்னு எங்கயாவது பேனர் வச்சா, நான்தான் முதல் ஆளா குவாரிக்குப் போவேன்."

"சரிம்மா."

"பாட்டு நாங்க போடுவோம். வகுப்பறையெல்லாம் எங்களுக்கு. ஒண்ணுல சினிமா, ஒண்ணுல ஆட்டம். தூக்கம் வர்றவங்களுக்கு ஒண்ணுல பாய். வண்டிச் சாவியை வாசல்லயே வாங்கி வச்சுக்கங்க, விடிஞ்சதும் குடுங்க. நடுவுல யாராச்சும் கிளம்பினா வீட்டுக்குப் போன் பண்ணுங்க. அதுவும் சரி. ஆனா உள்ள வர்றவங்களுக்கு மட்டும் எந்நேரமும் கதவு திறந்திருக்கணும்."

இந்தக் கடைசி விஷயத்தில்தான் சண்டை. பத்து மணிக்கு வாசலைப் பூட்டிவிட வேண்டும் என்பது மருந்துக்கடைக்காரரின் கட்சி. "குடிச்சிட்டு வந்தா?" என்றார். "குடிச்சிட்டு வந்தா வெளியவா நிக்க வைப்பீங்க, அங்கிள்? திரும்ப வண்டியை எடுத்துட்டுத்தானே போவாங்க?" என்றாள். கதவு திறந்திருக்கும் என்று தீர்மானம் ஆயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கு அடைத்தவள் மாதிரி நடித்துச் சமாளித்தேன்.

இப்போது நாற்பது பேர் தேறியிருக்கிறார்கள். மீதிப் பேர் மதில் மேல் பூனை.

நேற்றுச் சாப்பிடும்போது பட்டாசு, "எல்லாரும் வர்ற மாதிரி பெருசா ஒண்ணு வேணும்ப்பா. நம்ம மாமாவோட ராட்டினம் வந்தா எப்படி இருக்கும்!" என்றாள். உன் மாமா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள மாமா,

எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மா ஒரு மாசமாகத் தினம் பேப்பரை எடுக்கிறாள், "அன்புள்ள தம்பிக்கு" என்று எழுதுகிறாள், கிழிக்கிறாள். உங்களிடம் கேட்டால் அப்பாவுக்குக் கோபம். கேட்காவிட்டால் எங்களுக்கு நஷ்டம். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் மாதிரி இருக்கிறாள்.

எனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. ஆகவே கேட்கிறேன். மாமா, ராட்டினத்தைக் கொண்டு வருவீங்களா?

இப்படிக்கு,
பட்டாசு (வெடிக்கக் காத்திருப்பவள்)


மே 6

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை என் ஊழியர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

கண்ணு, எனக்கு வர ஆசையில்லை என்றா நினைக்கிறாய்? அடுத்த ஊர்க்காரர்கள் ஜூன் முதல் வாரத்துக்குக் கேட்டபோது, "பார்க்கலாம்" என்று பிப்ரவரியிலிருந்து இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் வீட்டுக்குப் பெரியவர் கூப்பிடாமல் அவர் ஊர் நடுவில் அறுபது அடி இரும்பை நட்டால், அது உதவி ஆகாது, வீம்பு ஆகும். உன் அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும். அவரை நச்சரிக்காதே. உன் அம்மாவையும் நச்சரிக்காதே. பரீட்சைக்குப் படி.

மாமா


மே 17

அனுப்புநர்: உதவிப் பொறியாளர், மின்சார அலுவலகம்
பெறுநர்: ராட்டின உரிமையாளர்
பொருள்: பள்ளி மைதானத்தில் ராட்டினம் இயக்க மின் இணைப்பு – தொடர்பாக

ஐயா,

1. மகளுக்கு நீங்கள் எழுதிய கடிதம் கண்டேன். மேற்படி மைதானத்தை ஒட்டியுள்ள டிரான்ஸ்பார்மரை நேற்று நேரில் பார்வையிட்டேன். தாங்கும். மும்முனை இணைப்பு தற்காலிகமாக வழங்க அனுமதி பெற்றாயிற்று.

2. எனவே ஜெனரேட்டர் கொண்டு வரத் தேவையில்லை. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. தவிர, உங்கள் காதைப் பற்றி உங்கள் அக்கா மிகவும் வருத்தப்படுகிறாள்.

3. மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்பதையும், ராட்டினத்தின் பாதுகாப்புச் சான்றிதழின் நகலையும் தபாலில் உடன் அனுப்பவும்.

மேலே ஐயா என்று எழுதியது பழக்க தோஷம். மச்சான் என்று படித்துக்கொள்ளவும்.

மாடி அறையில் கட்டில் போட்டாயிற்று. மெத்தை புதியது.

இங்ஙனம்,
உதவிப் பொறியாளர்


மே 24

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். பதினைந்து குதிரைத்திறன். விளக்குகளுக்குத் தனி. சான்றிதழ் நகல் இத்துடன் இருக்கிறது. வருகிறேன் மாமா.

மச்சான்


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். லாரி வழியில் ஒரு தடவைதான் மக்கர் செய்தது. நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டை ஊழியர்கள் என் கண்ணிலேயே காட்டவில்லை.

அன்று ராத்திரி கொண்டாட்டத்தில் இருக்கச் சொல்லி எல்லோரும் கெஞ்சியும் நீ டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய். "போன வருஷம் நான்தான் அங்க இருந்தேன். இந்த வருஷமும் நான்தான் இருக்கணும்" என்றாய். காலையில் நீ வந்தபோதோ நாங்கள் இரும்பு இறக்குகிற சத்தத்தில் இருந்தோம். நடந்ததை மாமா சொல்லியிருப்பார், பட்டாசு சொல்லியிருப்பாள். என் பங்குக்கு நானும் சொல்கிறேன்.

எட்டு மணிக்கு ஆரம்பம். வகுப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்திருந்தார்கள். மீதிப் பேர் குவாரி மேட்டில் என்று தகவல். பத்து மணி வாக்கில் பட்டாசு முகம் சுண்டிப்போய் என்னிடம் வந்தாள். என் காதோடு வாயை வைத்துக் கத்தினாள்.

"மாமா, ராட்டினத்துல பாதி லைட்டுதானே எரியுது? எல்லாத்தையும் போடுங்க!"

"எல்லாத்தையும் போட்டா ஊருக்கே கரண்டு போயிடும்மா."

மாமா வாசலில் சாவி வாளியோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தேன். எழுந்து வந்தார். மைதானத்துக்கு வந்து இரண்டு நாளாக "வோல்ட்", "ஆம்பியர்" தவிர அவர் என்னிடம் வேறு பேச்சுப் பேசவில்லை. "தாங்குமா மாமா?" என்றேன்.

"நான் இருக்கேன்ல? போடுடா."

போட்டேன். ஆரக்கால் ஒவ்வொன்றிலும், வட்டம் முழுக்க, சிவப்பும் மஞ்சளும் பச்சையும். இவ்வளவு விளக்கை ஒன்றாக நானே போட்டதில்லை, அக்கா. பட்டாசு ஓடிப்போய்க் குவாரியில் இருந்த தோழிக்குச் செய்தி அனுப்பினாள்: "திரும்பிப் பாருங்க. வர்றதுன்னா நடந்து வாங்க. கதவு திறந்திருக்கு."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ராட்டினம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, எனக்கு ஏதோ கேட்டது. ஜெனரேட்டர் இல்லை என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மாமா கொடுத்த மின்சாரத்தில் மோட்டார் பூனை மாதிரி ஓடியது. இத்தனை வருஷமும் தொட்டில்களில் பிள்ளைகள் வாயைத் திறந்திருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், குரல் கேட்டதில்லை. அன்று கேட்டது. தொட்டில் மேலே போகப் போக எல்லோரும் ஒரே குரலில், "வர்றாங்க! வர்றாங்க!"

நிறுத்தி, விசையை ஊழியனிடம் கொடுத்துவிட்டு நானும் ஒரு தொட்டிலில் ஏறி, உச்சிக்குப் போய்ப் பார்த்தேன். குவாரி மேட்டிலிருந்து ஒற்றையடிப் பாதை நெடுக, செல்போன் வெளிச்சம் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒருவரும் வண்டியில் வரவில்லை. எல்லோரும் நடந்து வந்தார்கள்.

வாசலில் மருந்துக்கடைக்காரர் லேசாகத் தயங்கினார். மாமா முன்னால் போய் நின்றார். "பாட்டில் இருந்தா வெளிய வச்சிடுங்க. நீங்க உள்ள வாங்க. பசிக்குதா?" என்றார். அவ்வளவுதான் விசாரணை. இரண்டு பேருக்குத் தள்ளாட்டம். மருந்துக்கடைக்காரரே அவர்களைத் தோளில் தாங்கிப் பாய் போட்ட அறைக்குக் கூட்டிப்போய், வீட்டுக்குச் சொல்லிவிட்டு, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர்கள் இருவரையும் நான் ஏற்றவில்லை. விடிந்து, தலை தெளிந்த பிறகு முதல் சுற்று அவர்களுக்குத்தான் விட்டேன்.

அப்புறம் ஆட்டம் என்றால் அப்படி ஓர் ஆட்டம். நான்கு மணிக்குச் சுடச்சுட ரொட்டியும் முட்டையும் வந்தன. வெட்டுக்கிளி விழுந்த வயல் மாதிரி ஆகிவிட்டது மேஜை. விடிகிற நேரத்தில் பிள்ளைகளை அழைத்துப்போக வந்த அப்பா அம்மாக்கள் "எங்களுக்கும் ஒரு சுற்று" என்று வரிசையில் நின்றார்கள். 'ஒரு பீர்' அப்பாவும் நின்றார்.

வரிசைக் கடைசியில் மாமா. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுற்றினார். "மேல போனதும் கண்ணைத் திறங்க மாமா!" என்று கீழிருந்து கத்தினேன். திறந்தாரா தெரியாது. இறங்கி வந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"இதுக்காகத்தான் என் மானத்தை வாங்கிட்டு ஓடினியா?"

அண்ணாந்து ராட்டினத்தை ஒரு தடவை பார்த்தார்.

"சரியாத்தான் பண்ணியிருக்கே" என்றார். பிறகு என் தோளில் ஒரு அடி. நல்ல அடி. இன்னும் வலிக்கிறது.

நீ வந்தபோது ஏதோ சொன்னாய் அக்கா. சிரித்தாய், அழுதாய், உதடு அசைந்தது. இரும்புச் சத்தத்தில் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். என்ன சொன்னாய்? எழுது.

எல்லோருக்கும் என் அன்பு.

தம்பி


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் மாமா இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும், "எங்க மச்சான் ராட்டினம்" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார். கேட்டவர்களே மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள். பட்டாசு தூங்கி எழுந்ததும், அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்றார்கள்: "அக்கா, எங்களுக்கும் நடக்குமா?" "நீங்களே நடத்துங்க, நான் சொல்லித் தர்றேன்" என்று பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

அன்றைக்குக் கேஷுவாலிட்டியில் நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தேன். கட்டில்களில் புது விரிப்பு. தையல் தட்டு மூன்று. ரத்த வங்கிக்குப் போன் பண்ணி இருப்பு கேட்டேன். ஸ்ட்ரெச்சரை வாசலுக்கே இழுத்துப் போட்டேன். கூட இருந்த சின்ன டாக்டர், "யுத்தமா சிஸ்டர் வருது?" என்றார். வராந்தாவில் நின்றால் கூரைகளுக்கு மேலே உன் ராட்டினத்தின் பாதி தெரிந்தது. பத்து மணிக்கு அது திடீரென்று பற்றிக்கொண்ட மாதிரி பிரகாசமானபோது, என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து வாசல்வரை ஓடினேன்.

ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்தேன். பால் வண்டி. பேப்பர் வண்டி. ஒரு நாய் வராந்தாவுக்கு வந்து ஸ்ட்ரெச்சரின் கீழ் படுத்துக்கொண்டது. அதை விரட்டக்கூட மனம் வரவில்லை. சின்ன டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். நான் தையல் தட்டுகளைத் திறக்காமலே திரும்ப அலமாரியில் வைத்தேன். ஒவ்வொன்றாக வைத்தேன்.

காலை டியூட்டிக்காரி வந்து, "என்னக்கா, நேத்து ராத்திரி எத்தனை கேஸ்?" என்றாள். சீருடைகூட மாற்றாமல் உன்னிடம்தான் ஓடி வந்தேன். முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

நான் சொன்னது இதுதான், தம்பி:

"யாருமே வரலடா. ஒருத்தர்கூட வரல!"

அக்கா